பாக்சி முதலானோர்

பாகீரதி பொருளாதார ஆய்வு நிலையத்தின் கேன்டீனில் டீ பிரமாதம், மனுஷர்கள்தான் சுமார் என்று பல்டு முடிவு கட்டியிருந்தான். காலையிலிருந்து அவனும் நிருபமா தீதியும் பேராசிரியர் மாற்றிப் பேராசிரியராகப் பார்த்தாகிவிட்டது. வெளியே குளிராக இருக்கிறதே என்றால்கூட, எந்த வருஷத்தோடு ஒப்பிட்டு என்று திருப்பிக் கேட்கிற கூட்டம் அது. அப்படிப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றையே சொன்னார்கள். அந்த மொட்டைக் கட்டுரையை எழுதியது செத்துப்போன சோமேஷ்வர் பாக்சிதான்.

பல்டு மங்கி குல்லாயை மோவாய்வரை இழுத்துவிட்டுக்கொண்டான். நாற்பதைத் தாண்டியவன். ஜாத்ரா நாடகக் கம்பெனி ஒன்றில் வெகுகாலம் விதூஷகனாக இருந்து, கம்பெனி படுத்துவிட்டதும் நிருபமா கர் என்பவரிடம் வந்து, தீதி என்று அக்கா முறை சொல்லி ஒட்டிக்கொண்டவன். நிருபமா இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களை மோப்பம் பிடித்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் மூக்கு ஓய்வு பெறவில்லை. கல்கத்தாவில் சின்னச் சின்ன மர்மங்களுக்குப் பஞ்சமா என்ன?

ஆனால் இந்த வழக்கு பல்டுவுக்குப் பிடிக்கவில்லை. கொலை இல்லை, களவு இல்லை. முந்தாநாள் சுலேகா பாக்சி வந்து உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, அழுது வீங்கிய கண், விறைப்பான முதுகு. கணவர் சோமேஷ்வர் மாரடைப்பில் போய்விட்டார். இன்று சாயங்காலம் அதே ஆய்வு நிலையத்தில் அவருக்கு நினைவுக் கூட்டம். அதற்குள் சுலேகாவுக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும்.

“அவர் எழுதினாரா, இல்லையா. இதுதான் எனக்கு வேணும்” என்றார். “ஊருக்காக இல்லை. எனக்காக.”

கதை ஊரறிந்தது. சோமேஷ்வர் பாக்சியும் ஹிரண்மய் தலாபாத்ராவும் இளவயதில் ஒரே தட்டில் பொரி தின்ற சிநேகிதர்கள். பிறகு தலாபாத்ரா புருலியா பக்கத்துக் கிராமங்களை ஆராய்ந்து, பெண்கள் குழுவுக்குச் சின்னக் கடன் கொடுத்தால் வீட்டு வருமானம் மளமளவென்று ஏறுகிறது என்று எழுதினார். அதை நம்பி அரசாங்கம் ஒரு திட்டமே போட்டது. பாக்சி அதைப் பத்திரிகையில் கிழித்தார். ஹிரண்மயின் கணக்கில் ஆடுகூட முட்டை போடும் என்றார். சோமேஷ்வர் கிராமத்தை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்தவர் என்று தலாபாத்ரா பதில் கொடுத்தார். டிவியில் வேறு. வங்காளத்தில் கால்பந்துக்கு அடுத்தபடி ஜனங்கள் கட்சி கட்டிக்கொண்டு ரசித்தது இந்தச் சண்டையைத்தான். அதுவரை எல்லாம் முகத்துக்கு முகம்.

இரண்டு வருஷத்துக்கு முன் இணையத்தில், பொருளாதாரக்காரர்கள் வழக்கமாக மேய்கிற ஒரு தளத்தில், “சாதாரணன்” என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை வந்தது. தலாபாத்ராவின் ஆய்வை அது எலும்பு எலும்பாகப் பிரித்துப் போட்டிருந்தது. கடன் கொடுத்த கிராமங்களில் கணக்கெடுத்தது நெல் அறுவடைக்குப் பிறகு, கொடுக்காத கிராமங்களில் எடுத்தது அறுவடைக்கு முன்பு, ஏறினது கடனால் அல்ல நெல்லால் என்பது அதன் சாரம். எழுதியது பாக்சிதான் என்று பத்து நாளில் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. மேகத்துக்குப் பின்னால் ஒளிந்து அம்பு விடும் மேகநாதன் என்று தலாபாத்ராவே பத்திரிகையில் எழுதினார். அத்தோடு பாக்சிக்கு எல்லா வாசலும் சாத்திக்கொண்டது. கமிட்டிகளிலிருந்து பெயரை எடுத்தார்கள். மாணவர்கள் படியேறுவதை நிறுத்தினார்கள். எதிரே வந்தவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

இப்போது எதிரே உட்கார்ந்து மீன் கட்லெட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தவர் அர்க்கோ சமாத்தார். இளைய பேராசிரியர், பேச்சு ஜாஸ்தி. பாக்சியைக் கண்டுபிடித்துக் கொடுத்ததில் தனக்கும் பங்குண்டு என்கிற பெருமை முகத்தில் ஒட்டியிருந்தது.

“இது மர்மமே இல்லை தீதி. எங்க தொழில்ல ஒருத்தர் கட்டுரையை இன்னொருத்தர் பேர் போடாம ரகசியமா விமர்சனம் பண்றது வழக்கம்தான். ஆனா எவனா இருந்தாலும் ஒரு இடத்துல வால் வெளிய தெரிஞ்சிடும். ‘இன்னாரோட அருமையான பழைய கட்டுரையை இவர் படிச்சிருக்கணும்’னு எழுதுவான் பாருங்க. அந்த இன்னார்தான் அவன்.”

“அதாவது திருட வந்தவன், போகும்போது சுவத்துல தன் போட்டோவை மாட்டிட்டுப் போவான்கிறீங்க” என்றான் பல்டு.

“கிட்டத்தட்ட. இந்தக் கட்டுரையில மூணு இடத்துல மாட்டியிருக்கான். மூணு தடவையும் ‘பாக்சி முதலானோர்’. என்னமோ தீர்க்கதரிசி மாதிரி புகழ்ச்சி.”

அந்தப் பழைய கட்டுரையை அவர் படித்திருக்கிறாரா என்று நிருபமா கேட்டார். அர்க்கோ சிரித்துவிட்டார். அது அவர் பிறப்பதற்கு முன்னால், எப்போதோ நின்றுபோன ஒரு கல்கத்தாப் பத்திரிகையில் வந்தது. பாக்சி கட்டுரை, பாக்சி கட்டுரை என்று எல்லோரும் சொல்வார்கள், அவரும் சொல்வார். மேற்கோள் காட்டுவதற்கும் படிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டதில் கபடமே இல்லை.

“அது சரி, முதலானோர்னா யாரு? பின்பாட்டுக்காரங்களா?” என்றான் பல்டு.

“கூட எழுதினவங்க. ரெண்டு பேருக்கு மேல போச்சுன்னா முதல் பேரை மட்டும் சொல்லிட்டு மத்தவங்களை முதலானோர்ல அடைச்சிடுவோம்.”

“அப்போ ஜாஸ்தி உழைச்சவர் பேர் முதல்ல வரும்.”

“அது டாக்டருங்க, விஞ்ஞானிங்க வழக்கம். எங்க துறையில ஆங்கில எழுத்து வரிசைதான். யார் உழைச்சாங்கங்கிறது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.”

பல்டுவுக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. அவன் கம்பெனியில் போஸ்டரில் ராஜபார்ட் பெயர் மேலே வந்ததா, ராணி பெயர் மேலே வந்ததா என்று ஒரு சீசனே அடிதடியில் போயிருக்கிறது, விதூஷகன் பெயரைப் பசை வாளிக்குக் கீழேதான் தேட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனவன், நிருபமாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். தீதி டீயைப் பாதியில் வைத்திருந்தார். கல்கத்தாவில் ஒரு மனுஷி டீயைப் பாதியில் வைத்தால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

“டாக்ஸி கூப்பிடு பல்டு. அந்தப் பசை வாளிக்குக் கீழ யார் இருக்காங்கன்னு பார்க்கணும்.”

கல்கத்தாவின் ஜோத்பூர் பார்க் பகுதியில் இருந்த வீட்டில் சுலேகா கணவரின் படத்துக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரஜனிகந்தாப் பூமாலை ஈரத் துணிக்குள் காத்திருந்தது. நிருபமா சுற்றி வளைக்கவில்லை. அந்த மொட்டைக் கட்டுரையை நீங்கள் படித்தீர்களா என்று கேட்டார்.

படிக்கவில்லை என்றார் சுலேகா. செய்தித்தாளில் அதைப் பற்றி வந்ததைப் படித்தார், டிவியில் கத்தியதைக் கேட்டார். கட்டுரையைத் தொடவில்லை. முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவரின் குரல் அந்த வரிகளில் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயம். கணவரிடம் நேராகவே ஒருமுறை கேட்டார். நீங்களா எழுதினீர்கள் என்று. அவர் பதில் சொல்லவில்லை. லேசாகச் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லையே. அதனால் எழுதியிருக்கிறார் என்றுதான் சுலேகா எடுத்துக்கொண்டார்.

“பொய் சொல்லக்கூட என்னை ஒரு பொருட்டா நினைக்கலையேன்னு இருந்தது” என்றார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பதும், ஆறாத கோபத்தை வைத்துக்கொண்டு அழ வேண்டியிருப்பதுதான் அவரைத் தின்கிறது என்பதும் பல்டுவுக்கே புரிந்தது.

பாக்சி முதலானோர் என்கிறார்களே, அந்தப் பழைய கட்டுரை வீட்டில் இருக்கிறதா என்றார் நிருபமா. சுலேகா அலமாரியின் மேல்தட்டில் தேடி, பழுப்பேறிய ஒரு பிரதியை எடுத்துத் தந்தார். அட்டையில் மூன்று பெயர்கள். எஸ். பாக்சி. எஸ். மோய்த்ரா. எச். தலாபாத்ரா.

பல்டு விசிலடிக்கப் போய் அடக்கிக்கொண்டான். “தலாபாத்ராவா? சண்டைக்காரரும் இதே தட்டுலயா! நடுவுல இந்த மோய்த்ரா யாரு மாஷிமா? எங்க இருக்கார்? ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டா நல்லது.”

“பார்த்துக்கிட்டுதானே இருக்கே.”

பல்டு அட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“கல்யாணத்துக்கு முந்தி நான் சுலேகா மோய்த்ரா. மூணு பேரும் ஒரே வகுப்பு. வெயில்ல கிராமம் கிராமமா நடந்து எழுதினோம். அப்புறம் அவர் வேலைக்குப் போனார், ஹிரு, அதான் ஹிரண்மய், வெளிநாடு போனான், நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். யாராவது ஒருத்தர் மாசாமாசம் சம்பளம் கொண்டுவரணுமே.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் குறை எதுவும் இல்லை. பழகிப்போன விஷயத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

கட்டுரை எதைப் பற்றி என்று கேட்டார் நிருபமா. சின்ன விஷயம்தான் என்றார் சுலேகா. ஏழையிடம் வருமானம் கேட்கப் போகும் மாதம் முக்கியம். அறுப்புக்கு முன் கேட்டால் ஒரு பதில், அறுப்புக்குப் பின் கேட்டால் வேறு பதில், இரண்டையும் ஒப்பிட்டால் நாம்தான் முட்டாள். அது முழுக்க ஹிருவின் யோசனை. ராத்திரியெல்லாம் குதித்தானாம், நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று.

நிருபமா செல்போனை எடுத்தார். சாதாரணனின் கட்டுரையிலிருந்து ஒரு வரியை நிதானமாக வாசித்தார். பாக்சி முதலானோர் அன்றே அபாரமான கூர்மையோடு எச்சரித்தபடி, என்று தொடங்கியது அது.

“நில்லுங்க” என்றார் சுலேகா. “எப்படி எழுதியிருக்கு? இன்னொரு தடவை படிங்க.”

நிருபமா படித்தார்.

“மூணு இடத்துலயும் அப்படியேவா?”

“மூணு இடத்துலயும்.”

சுலேகா நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். உதடு கோணிக்கொண்டது. “அவர் இப்படி எழுத மாட்டார். ஒருநாளும் எழுத மாட்டார். அந்தக் கட்டுரையைச் சொல்ல வேண்டி வந்தா மூணு பேரையும் முழுசாத்தான் போடுவார். பத்திரிகைக்காரங்க வெட்டினா சண்டை போடுவார். ‘என் பெண்டாட்டியை முதலானோர்னு எழுத என் கை வராது’ம்பார். அவர் எழுதின எதை வேணும்னாலும் எடுத்துப் பாருங்க.”

எடுத்துப் பார்த்தார்கள். அலமாரியில் இருந்த அவருடைய புத்தகங்களிலும் கட்டுரைகளிலும் அந்தப் பழைய ஆய்வு வந்த இடத்திலெல்லாம் பாக்சி, மோய்த்ரா, தலாபாத்ரா என்று மூன்று பேரும் கைகோத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மனுஷன் மனைவியிடம் காட்டிய பிரியம் இப்படி அடிக்குறிப்புகளில் ஒளிந்து கிடக்கும் என்று பல்டுவுக்கு யார் சொன்னார்கள்?

“சுவத்துல மாட்டின போட்டோ பாக்சி போட்டோன்னு எல்லாரும் நினைச்சாங்க” என்றார் நிருபமா. “அது குரூப் போட்டோ. மாட்டினவர் கடைசியில நிக்கிறார்.”

தன் ஆய்வைத் தானே கிழிக்கும்போதுகூட, இளவயதில் தனக்குத் தோன்றிய அந்த யோசனையைப் புகழாமல் இருக்கத் தலாபாத்ராவால் முடியவில்லை. நாய் வாலை நிமிர்த்த முடியுமா? அதுவும் பேராசிரியர் வால். சுலேகா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். வெள்ளைக் கைத்தறிப் புடவையின் முந்தானையை இழுத்துச் செருகினார். நானும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்கிற தைரியம் இரண்டு பேருக்கும் இல்லை.

ஆய்வு நிலையத்தில் கீழே நாற்காலி இழுக்கிற சத்தம். ஹார்மோனியத்தை யாரோ சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடியில் தன் அறையில் ஹிரண்மய் தலாபாத்ரா சால்வையைப் போர்த்துக்கொண்டு, சாயங்காலம் பேசுவதற்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். ஒல்லியான, கண்ணியமான முகம். பரம வைரியே இரங்கல் உரை ஆற்றுகிறார் என்பதுதான் இன்றைய கூட்டத்துக்கு விசேஷம். செய்தித்தாளில்கூடப் போட்டிருந்தார்கள்.

நிருபமா பேச ஆரம்பிக்குமுன் சுலேகா அந்தப் பழுப்புப் பிரதியை மேஜைமேல் வைத்தார்.

“ஹிரு. நீதானா?”

தலாபாத்ரா அட்டையைப் பார்த்தார். மறுப்பார், கத்துவார், வக்கீலைக் கூப்பிடுவார் என்று பல்டு தயாராக நின்றான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவ்வளவுதான். ரொம்பநாள் சுமந்த மூட்டையை யாராவது வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

அவர் சொன்னது இது. ஆய்வு வந்து, திட்டம் வந்து, மாலையும் மரியாதையும் வந்த பிறகு, ஒருநாள் பழைய கணக்கெடுப்புத் தாள்களைப் புரட்டினார். கணக்கெடுக்கப் போன பையன்கள் துர்கா பூஜைக்கு ஊருக்குப் போக வேண்டும் என்று துடித்தார்கள். அவரும் சரி என்று விட்டுவிட்டார். பூஜையை எந்த வங்காளியால் மறுக்க முடியும்? கடன் கொடுக்காத கிராமங்களை முன்னாலேயே முடித்திருந்தார்கள். மற்றக் கிராமங்களுக்கு லீவு கழிந்து, நிதானமாக, நெல் வீட்டுக்கு வந்த பிறகு போனார்கள். கட்டுரையில் இரண்டையும் சேர்த்து, மழைக்குப் பிந்திய சரத்காலத்தில் எடுத்த கணக்கு என்று ஒரே வார்த்தையில் எழுதியாயிற்று. எந்தப் பிழையைச் செய்யாதே என்று இளவயதில் ஊருக்குச் சொன்னாரோ, அதே பிழையைப் பூஜை லீவுக்காகச் செய்திருந்தார்.

பெயர் போட்டு ஒத்துக்கொள்ளத் தைரியமில்லை. கூட எழுதிய மாணவிக்கு அந்த ஆய்வை வைத்துத்தான் வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. திட்டத்தை நிறுத்திவிட்டால் அந்தப் பெண்கள் குழுக்களின் கதி என்ன என்கிற பயமும் இருந்தது. அதனால் சாதாரணன் ஆனார். யாரோ ஒருவர் பிழையைச் சொல்வார், எல்லோரும் கணக்கைப் பார்ப்பார்கள், நானும் பெருந்தன்மையாக ஆமாம் என்பேன் என்று நினைத்தார்.

“ஒருத்தனும் கணக்கைப் பார்க்கலை சுலேகா. எழுதினது யாருன்னுதான் பார்த்தாங்க.”

“சோமேஷ்வர் பாபுவுக்கு இது தெரியுமா?” என்றார் நிருபமா.

“கட்டுரை வந்த வாரமே வந்தான். இதோ இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்தான். ‘நல்லா எழுதியிருக்கே ஹிரு, உன் வாழ்நாள்ல எழுதினதுலயே நேர்மையானது இதுதான், இப்போ கீழ கையெழுத்துப் போடு’ன்னான். கொஞ்சம் டைம் குடுன்னு கேட்டேன். குடுத்தான்.”

“நீங்க பத்திரிகையில மேகநாதன்னு எழுதினது அதுக்கு முந்தியா, அப்புறமா?”

தலாபாத்ரா சால்வை நுனியைப் பார்த்தார். அப்புறம்தான் என்றார். அவன் எந்த நிமிஷமும் சொல்லிவிடுவான் என்று பயம் வந்ததாம். முந்திக்கொண்டாராம். அதற்குப் பிறகாவது அவன் வாயைத் திறந்திருக்கலாம், திட்டியிருக்கலாம், திறக்கவில்லை, அதுதான் தன்னைக் கொன்றுகொண்டிருக்கிறது என்றார். பல்டுவுக்குக் கை பரபரத்தது. ஆனால் எதிரே இருந்தது அடி வாங்கக்கூட மிச்சமில்லாத ஆள்.

“ஊருக்குச் சொல்லலை, சரி” என்றார் சுலேகா. “என்கிட்ட ஏன் சொல்லலை? நான் கேட்டேன் ஹிரு. வாயைத் திறந்து கேட்டேன்.”

கீழே ஹார்மோனியம் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“நான்தான் சத்தியம் வாங்கினேன்” என்றார் தலாபாத்ரா. “ஊர் தெரிஞ்சுக்கிட்டா தெரிஞ்சுக்கட்டும், சுலேகாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு கேட்டேன். நம்ம மூணு பேர்ல நீதான் கணக்குல ஒரு புள்ளிகூடத் தப்ப விடாதவ. நீ என்னைக் கேவலமா நினைக்கிறதைத் தாங்க முடியாதுன்னேன். அதுக்கு அவன், ‘அவகிட்டப் பொய் சொல்ல எனக்கு வராது, கேட்டா சும்மா இருந்துடறேன்’னான்.”

சுலேகா கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சிரிப்பும், ஜன்னல் பக்கம் திரும்பிய அந்த முகமும் இப்போதுதான் அவருக்கு அர்த்தமாயிருக்க வேண்டும். பல்டுவுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. எந்த இடத்திலும் ஒரு சிரிப்பு வைத்திருப்பவன் அவன். இங்கே கைவசம் ஒன்றும் இல்லை.

“இன்னிக்கு மேடையில சொல்லிடு” என்றார் சுலேகா. குரல் உயரவில்லை. தலாபாத்ரா எழுதிவைத்திருந்த குறிப்பை எடுத்து நான்காகக் கிழித்தார்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. மேடையில் மாலைக்குள் சோமேஷ்வர் பாக்சி யாரையோ கிண்டல் செய்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருந்தபோது செல்போனைப் பார்த்துக்கொண்டு போனவர்கள் எல்லோரும் இன்று அவர் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டு பாட்டு, மூன்று உரை. பிறகு தலாபாத்ரா எழுந்தார். மைக்கைப் பிடித்தார்.

சுற்றி வளைக்காமல் சொன்னார். சாதாரணன் நான்தான் என்றார். என் பிழையை நானே எழுதினேன், பழி சோமேஷ்வர் தலையில் விழுந்தது, அவனுக்குத் தெரிந்தும் எனக்காகப் பேசாமல் இருந்தான், நான் அவனையே தூற்றினேன். அவ்வளவுதான் உரை.

இந்தா வெடிக்கப் போகிறது என்று பல்டு நினைத்தான்.

எங்கோ பின்னால் ஒருவர் கைதட்டினார். பக்கத்தில் இருந்தவரும் தட்டினார். அப்புறம் மொத்த அரங்கமும் எழுந்து நின்று தட்டியது. ஆய்வு நிலைய இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து தலாபாத்ராவைக் கட்டிக்கொண்டார். செத்துப்போன எதிரியின் களங்கத்தைத் தன் தலைமேல் ஏற்றிக்கொள்கிற மனசு யாருக்கு வரும், இதுவல்லவா சிநேகம், இதுவல்லவா பெருந்தன்மை என்று மைக்கில் தழுதழுத்தார்.

“இல்லை, நிஜமாவே நான்தான்” என்றார் தலாபாத்ரா. மறுபடியும் தட்டினார்கள். முன்னைவிட ஜாஸ்தியாக.

முன்வரிசையில் அர்க்கோ சமாத்தார் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். என்ன மனுஷன் பாருங்க என்றார் பல்டுவிடம். அவர் சொல்வது உண்மை ஐயா என்று பல்டு அவர் காதில் சொன்னான். அர்க்கோ அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். எழுதியது பாக்சிதான் என்பது எப்போதோ நிரூபணம் ஆகிவிட்டதே, அழுகை வந்தால் கணக்கு மாறிவிடுமா என்றார். மேடையில் பாடகி அடுத்த பாட்டை எடுத்துவிட்டார். தலாபாத்ரா மைக்கைத் தேடினார். அது ஹார்மோனியத்துக்குப் போய்விட்டிருந்தது. ஒன்றும் செய்யத் தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது, போதாது இன்னும் வேண்டும் என்றும் இருந்தது.

நிருபமா பழுப்புப் பிரதியோடு எழுந்தார். அட்டையில் இருக்கும் மூன்று பெயரையும் படித்துக் காட்டினால் போதும். சுலேகா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“நாளைக்குக் காட்டலாம். இவங்க எங்கயும் போயிட மாட்டாங்க. இப்போ என்னை வீட்டுல விட்டுடுங்க.”

வாசலில் யாரோ அவர் கையில் சிங்காரா சமோசாவும் சந்தேஷ் இனிப்பும் வைத்த பொட்டலத்தைத் திணித்தார்கள். டாக்ஸியில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நிருபமா முன்சீட்டில். பின்சீட்டில் பல்டு, அவருக்குப் பக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். கடைசியில், அவர் தப்பு பண்ணலைன்னு தெரிஞ்சதே மாஷிமா, அதுவரைக்கும் நிம்மதிதானே என்றான். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னான்.

“நானும் அப்படித்தான் நினைச்சு உங்ககிட்ட வந்தேன்” என்றார் சுலேகா. “இப்போ, அவரே எழுதியிருந்தா தேவலையேன்னு இருக்கு.”

பல்டுவுக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

“எழுதினவர்னு நினைச்சுத்தானே அப்படி நடந்துக்கிட்டேன். ரெண்டு வருஷம் நான் அவரோட உட்கார்ந்து சாப்பிடலை பல்டு. தட்டுல போட்டு மேஜையில வச்சிட்டு உள்ள போயிடுவேன். தினமும் கூப்பிடுவார். ‘நீயும் வாயேன் சுலேகா’ன்னு. எனக்குப் பசிக்கலைன்னு சொல்லிடுவேன்.”